கைகாட்டி என்றொரு சிலந்தி



"பெரியவற்றைப் பற்றியே எழுதுகின்றீரே, நம் மலையில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றியும் எழுதலாகாதா?" என்று அன்பர் சிலர் நம்மிடம் கேட்டனர். கேட்டது நியாயமே. ஆகவே, இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகமிகச் சிறியது. எவ்வளவு சிறியது எனின், ஒரு கேழ்வரகு மணிக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஓரளவினவாகவே தோன்றும். கடுகு டப்பாவில் தவறி விழுந்துவிட்டால் மீண்டும் தேடி எடுப்பது அரிது.

'கைகாட்டி' என்பது இரயில்வே ஊழியர்க்கு நன்கு பழகிய சொல். நிலையத்தின் எல்லையில் நின்று, கையைத் தாழ்த்தி வண்டியை உள்ளே அழைக்கும் மரம் அது. இன்று பெரும்பாலான இடங்களில் வண்ண விளக்குகள் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும், "கைகாட்டி இறங்கிவிட்டது" என்னும் வழக்கு முதியோர் வாயினின்றும் இன்னும் மறையவில்லை. பாலக்காட்டு மாவட்டத்தில், நென்மாறாவிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதி மலை ஏறுவோர் அடையும் ஓர் இடத்திற்கும் கைகாட்டி என்றே பெயர். அப்பெயரை ஒரு சிலந்தியும் தாங்கி நிற்கின்றது என்பதை அண்மையில் ஒரு நூலகத்தில் படித்தபோது நமக்கு உண்டான வியப்பு சிறிதன்று.

அச்சிலந்தியின் முழுப்பெயர் 'பிரிக்னோலியா கைகாட்டி' என்பதாம். 2011-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வறிஞர் நார்மன் பிளாட்னிக் என்பாரும் அவருடைய துணைவர் மூவரும் சேர்ந்து அதனை உலகிற்கு அறிவித்தனர். அதே நூலில் அதன் உடன்பிறப்புகள் போன்ற வேறு சிலவும் பெயர் பெற்றன. அவற்றின் பெயர்களைக் கேட்டால் நம் சங்கத்துப் பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வர். ஒன்று 'பிரிக்னோலியா குமுளி'. ஒன்று 'பிரிக்னோலியா வால்பாறை'. கோடைக்கானலின் பெயரைச் சுருக்கி 'கொடைக்' என்று ஒன்று. நீலகிரியின் பெயரால் ஒன்று. நம் ஏலமலையின் ஆங்கிலப் பெயரைக் கொண்டு 'கார்டமம்' என்று மற்றொன்று. நம்மவர் மாமன் வீட்டிற்கும் மைத்துனர் வீட்டிற்கும் பேருந்து ஏறிச் செல்லும் ஊர்கள் அனைத்தும் சிலந்திகளின் பெயர்களாகி விஞ்ஞான நூலில் ஏறி அமர்ந்துவிட்டன!

முதற்பெயராகிய 'பிரிக்னோலியா' என்பது பாவ்லோ பிரிக்னோலி என்னும் இத்தாலியச் சிலந்தி அறிஞரின் பெயரால், கியூபாத் தீவில் கிடைத்த ஒரு சிலந்தியைக் கொண்டு 1983-இல் உண்டாக்கப்பட்டது. ஆக, குலப்பெயர் இத்தாலியருடையது. தன் பெயர் நெல்லியாம்பதியினுடையது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரைப் பின்னே எழுதும் நமக்கு இம்முறை புதிதன்று.

இனி, இச்சிலந்திகளின் இயல்பினைச் சிறிது காண்போம்.

இவை 'ஊனோப்பிடே' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் இவற்றைக் குறும்புப் பேய்களின் பெயரால் வழங்குகின்றனர். நாம் வாழும் நாட்டு வழக்கில் 'குட்டிச்சாத்தான் சிலந்தி' என்று கூறினால் முற்றும் பொருந்தும். இக்குடும்பத்தினவற்றின் உடல் நீளம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையே. சிலந்திகளில் மிகப் பலவற்றிற்கு எட்டுக் கண்கள் உண்டு. இவற்றிற்கோ பெரும்பாலும் ஆறே கண்கள். பிரிக்னோலியா முதலிய பலவற்றின் வயிற்றின்மீது மேலும் கீழும் கெட்டியான தகடுகள் கவசம்போல் அமைந்துள்ளன. வலை பின்னி இரைக்குக் காத்திருக்கும் வழக்கம் இவற்றிற்கு இல்லை. காட்டின் தரையில் உதிர்ந்து மட்கும் இலைகளுக்கிடையிலும் கற்களின் அடியிலும் மரப்பட்டையின் இடுக்கிலும் அலைந்து, தம்மினும் சிறிய உயிர்களைப் பிடித்து உண்கின்றன. மனிதர்க்கு இவற்றால் யாதொரு தீங்கும் இல்லை.

இத்துணைச் சிறிய உயிரை எவ்வாறு கண்டுபிடிப்பது? கண்ணால் தேடிப் பிடிப்பதென்றால் ஒரு பிறவி போதாது. அதற்கு எளியதோர் உபாயம் உண்டு. காட்டுச் சருகை வாரிச் சல்லடையில் இட்டுச் சலிப்பர். சல்லடையின் கீழே விழுந்த பொடியை ஒரு புனலில் இட்டு, மேலே விளக்கொன்றைக் கொளுத்தி வைப்பர். மேற்புறம் காய்ந்து சூடேறச் சூடேற, ஈரத்தையும் இருளையும் விரும்பும் சிற்றுயிர்கள் கீழ்நோக்கி இறங்கும்; இறங்கியவை புனலின் அடியில் உள்ள சாராயச் சீசாவில் விழும். இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லேசே 1905-இல் வகுத்த முறை நாளடைவில் இவ்வடிவம் பெற்றது. நம் தாய்மார் சுளகில் அரிசி புடைத்துக் கல்லையும் நொய்யையும் பிரிக்கும் அறிவுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1972-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரத்து அருங்காட்சியகத்தார் தென்னிந்திய மலைகளில் பயணம் செய்தபொழுது, நெல்லியாம்பதிக் கைகாட்டி உள்ளிட்ட பல இடங்களில் இவ்வாறு சருகு சலித்துச் சிற்றுயிர்களைச் சேகரித்தனர். சீசா ஒவ்வொன்றிலும் ஊர், உயரம், நாள் ஆகியவற்றைக் குறித்த சிறு சீட்டு ஒன்றையும் இட்டனர். இத்தகைய சீசாக்கள் உலகத்து அருங்காட்சியகங்கள் பலவற்றில் பல்லாண்டுகளாகக் காத்துக் கிடந்தன. 2006-இல் பிளாட்னிக் அவர்களின் தலைமையில் பல நாட்டு அறிஞர் ஒன்றுகூடி, குட்டிச்சாத்தான் சிலந்திகள் அனைத்தையும் ஆராயும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கினர். அன்று அக்குடும்பத்தில் ஏறத்தாழ 500 இனங்களே அறியப்பட்டிருந்தன. இன்று அத்தொகை 1,800-ஐக் கடந்துவிட்டது. பிளாட்னிக் 2020-இல் காலமானார். அவர் அடித்தளமிட்ட உலகச் சிலந்திப் பட்டியல் இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேணப்பட்டு வருகின்றது. 2022-ஆம் ஆண்டில் அப்பட்டியல் 50,000-ஆவது சிலந்தி இனத்தைக் கண்டது.

ஒரு சிலந்தி புதியது என்று முடிவு கட்டுதல் எளிதன்று. குட்டிச்சாத்தான் சிலந்திகள் பார்வைக்கு ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். ஆணின் வாயருகே உள்ள சிறு கைகளின் நுனியையும், பெண்ணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையும் மின்னணு நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தே வேறுபாடு காண்பர். கண்ட பின், ஒரு தனி உயிரைத் தெரிந்தெடுத்து 'இதுவே இப்பெயருக்கு மூலம்' என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்த மூல மாதிரியை எடுத்துப் பார்த்துத் தெளியலாம். விலங்குகளுக்குப் பெயரிடும் முறை 1758-இல் வெளியான லின்னேயஸ் நூலினின்றும் கணக்கிடப்படுகின்றது. சிலந்திகளுக்கு மட்டும் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1757-இல், சுவீடன் நாட்டுக் கார்ல் கிளெர்க் எழுதிய நூலே தொடக்கம். விதி ஒன்று மிகக் கண்டிப்பானது. முதலில் அச்சேறிய எழுத்துக் கூட்டு எதுவோ, தெளிவான அச்சுப்பிழை இருந்தாலன்றி, அதுவே என்றும் நிலைக்கும். ஊரார் பின்னர் தம் ஊரின் பெயரை வேறுவிதமாக எழுதத் தொடங்கினாலும் சிலந்தியின் பெயர் மாறாது.

இவ்விடத்தில் நாம் சொந்தக் கதை ஒன்றைக் கூறவேண்டியவர் ஆகின்றோம், வாசகர் பொறுத்தருள்க.

எமது அன்னையார் பதினெட்டாம் வயதில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துக் கொழுந்து எடுக்கத் தொடங்கியவர். அவருடைய பெயர் முத்துப்பேச்சி. எழுதியவர் காதில் எவ்வாறு விழுந்ததோ, ஒரு பதிவேட்டில் 'முத்துப்பிச்சை' என்று ஏறிவிட்டது. நாற்பது ஆண்டுகள் மழையிலும் பனியிலும் வேலை செய்து ஓய்வு பெற்றபொழுது, சேமநிதிக்குரிய அலுவலகம் ஒன்று, "முத்துப்பேச்சி என்பவர் யார்? முத்துப்பிச்சை என்பவர் யார்? இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று யாது?" என்று வினவியது. ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கும், ஒரு சான்றிதழிலிருந்து மற்றொரு சான்றிதழுக்குமாகப் பதினான்கு மாதங்கள் கழிந்தன. மெட்ரிக்குலேஷன் தேறி, நாள்தோறும் பிறர் பெயர்களைப் படிவங்களில் சரிபார்த்து ஊதியம் பெறும் நாம், பெற்ற தாயின் பெயரைச் சரிபார்த்துத் தர இயலாமல் வரிசையில் நின்றோம். அன்று அவர் படிக்கட்டில் அமர்ந்து கூறியது இன்றும் நம் செவியில் உள்ளது.

"ஏய்யா, கொழுந்து எடுத்த கை என் கைதானே? பேரு மட்டும் எப்பிடி இன்னொருத்தியோடது ஆச்சு?"

அதற்கு நம்மிடம் விடை இல்லை. இறுதியில், அவரோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்த மூதாட்டியர் இருவரும், ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரும் வந்து கையெழுத்தும் கைரேகையும் இட்டுச் சாட்சி கூறிய பின்னரே காரியம் முடிந்தது. சாட்சி கூறிய அம்மூவருமே எமது அன்னையாரின் பெயருக்கு 'மூல மாதிரி'யாக நின்றனர் என்று இப்போது எண்ணுகின்றோம்.

இச்சிலந்திகளின் வரலாற்றை அண்மையில் அன்னையாரிடம் கூறினோம். ஒரு சிற்றுயிருக்குச் சரியான பெயர் வைக்க நாற்பது ஆண்டுகள்கூடச் சீசாவைக் காத்திருப்பர், அதன் கையின் நுனியைப் பெரிதாக்கிப் பார்ப்பர் என்றபோது, அவர் சினம் கொள்வார் என்றே எதிர்பார்த்தோம். அவரோ சற்று நேரம் பேசாதிருந்து, "உத்துப் பாக்கத் தெரிஞ்சவங்க பாத்திருக்காங்க. அதுல என்ன தப்பு? மனுசரையும் அப்பிடிப் பாத்தா நல்லது" என்றார். பின்னர், கவ்வாத்துக் காலத்தில் சருகைக் கிளறும்போது செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாய் ஏதோ ஓடக் கண்டதுண்டு என்றும், அது குட்டி எறும்பென்று எண்ணியிருந்ததாகவும் கூறினார். அவர் கண்டது இச்சிலந்தியேயா என்பதை நுண்ணோக்கியின்றி யாரும் உறுதி கூற இயலாது. ஆயினும், கண்டிருக்கக்கூடியவர் அவரே அன்றி நாம் அல்லோம்.

பெயரும் ஊரும் இடம் மாறி அமைந்த வேறொரு சிலந்தியின் கதையும் இங்கு நினைவிற்கு வருகின்றது. அது இரயில்வேயோடு தொடர்புடையதாகலின் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. ஆந்திர நாட்டில் குத்தி என்பது பழைய இரயில் சந்திப்பு. அங்கே இரயில்வேயின் மரக்கிடங்கு ஒன்றில் நீலமணிபோல் ஒளிரும் பெருஞ்சிலந்தி ஒன்று அகப்பட்டது. 1899-இல் போகாக் என்னும் ஆங்கில அறிஞர் அதனை விவரித்துப் பெயரிட்டார். நூறாண்டுக் காலம் அதன் உண்மையான காடு எதுவென்று தெரியாதிருந்தது. 2001-இல், குத்தியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அதனை மீண்டும் கண்டனர். வெட்டுமரத்தோடு இரயில் ஏறிக் குத்தியில் இறங்கியிருக்கும் என்பதே அறிஞர் கருத்து. ஆயினும், உலகம் அதனை இன்றும் 'குத்திச் சிலந்தி' என்றே அழைக்கின்றது.

இக்கதையைப் படித்து நாம் நகைத்தோம். பின்னர் நகைப்பு நின்றுவிட்டது. திருநெல்வேலிச் சீமைக்குத் திருமணத்திற்குச் சென்றால் நம்மை 'மூணாற்றுக்காரர்' என்கின்றனர். மூணாற்றிலோ 'பாண்டிக்காரர்' என்பாரும் உண்டு. இறங்கிய நிலையத்தின் பெயரும் ஏறிய நிலையத்தின் பெயரும் மாறி மாறி நம்மீது ஒட்டிக்கொள்கின்றன. பிறந்த காடு எது என்று கேட்பார் அரியர்.

கடல் கடந்து சென்ற நம் உறவினர் வாழும் இலங்கை மலைநாட்டிலும் இக்குட்டிச்சாத்தான்கள் உண்டு. கண்டியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்களாகிய ரணசிங்கவும் சுரேஷ் பெஞ்சமினும் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய சிலந்திகள் ஆறனுக்கு எனிட் பிளைட்டன் அம்மையார் எழுதிய குழந்தைக் கதைகளில் வரும் குறும்புப் பேய்களின் பெயர்களைச் சூட்டினர். பாம், சிப்பி, ஸ்னூக்கி, டம்பி, ஸ்னிப்பி, டிக்கி என்பன அவை. அறிவுலகத்தாரும் பிள்ளைகளைப்போல் விளையாடுவர் என்பதற்கு இது சான்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர் கப்பலேறித் திரும்பிய குடும்பங்கள் நம் வாசகரிடையே இருக்கக்கூடும். அவர்தம் பிள்ளைகள் இதனைத் தம் பாட்டியாருக்குப் படித்துக் காட்டுவாராக.

இவையெல்லாம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், இதனுள் கவலைக்குரிய செய்தி ஒன்றும் உள்ளது. இச்சிலந்திகளில் பல மிகச் சிறிய எல்லைக்குள் வாழ்பவை. ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் அறியப்பட்டவை இக்குடும்பத்தில் ஏராளம். சருகின் ஈரமே அவற்றின் உலகம். ஒரு சோலை அழிந்து தரை காய்ந்தால், அங்கு மட்டுமே வாழ்ந்த இனம் அடுத்த மலைக்கு நடந்து செல்ல வழியில்லை. பெயர் பெறுமுன்பே அது மறைந்துபோகலாம்; மறைந்ததை அறிவாரும் இரார்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின்னர், இம்மலைகளின் சோலைகள் பல வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. வெட்டச் சொன்னவர் பிறர். கூலிக்கு வெட்டிய கைகள் நம் முன்னோருடையவை. அவர்கள் வயிற்றுப்பாட்டிற்காகச் செய்ததைக் குற்றம் கூற நாம் முன்வரவில்லை. அவர்களுடைய பெயர்களே முழுமையாக எழுதப்படாதபோது, அவர்கள் காலடியில் இருந்த உயிர்களின் பெயர்களை யார் எழுதியிருப்பர்? ஆயினும், எஞ்சியுள்ள சோலைகளைக் காப்பதில் பிறரைவிட நமக்கு ஒரு பங்கு மிகுதியாகவே உண்டு என்பது நம் கருத்து. 1978-இல் தேசியப் பூங்காவாகிய இரவிகுளத்தில் வரையாட்டைக் காண உலகத்தார் திரண்டு வருகின்றனர். வரையாட்டின் குளம்படியில் உள்ள சருகையும் ஒருமுறை நினைத்தல் நன்று.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இச்சிற்றுயிர்களைக் காண விரும்பினால் காட்டிற்குள் செல்லுதல் வேண்டா. காப்புக்காட்டினின்றும் எதனையும் எடுத்தல் சட்டப்படி குற்றம். லயத்தின் பின்புறத்து மரத்தடியில் ஈரச்சருகு இருக்குமானால், முதலில் ஒரு குச்சியால் கிளறிப் பாம்பு, தேள் இல்லையெனத் தெளிந்து, பெரியவர் துணையோடு ஒரு பிடி எடுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் மாவுச் சல்லடையால் சலியுங்கள். பின் அசையாமல் அமர்ந்து நூறு வரை எண்ணுங்கள். முதலில் ஒன்றும் தோன்றாது. அறுபது எழுபது எண்ணும்போது, தூசி என்று எண்ணியவற்றுள் ஒன்று நடக்கத் தொடங்கும். பூதக்கண்ணாடி இருந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்து, வயிறும் முன்னுடலும் தனித்தனியே தெரிந்தால் சிலந்தி எனக் கொள்ளலாம். கண்டதை நாள், இடம் ஆகியவற்றோடு ஒரு ஏட்டில் எழுதி வையுங்கள். பார்த்த பின் சருகையும் உயிரையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சல்லடையைக் கழுவி வைக்க மறவாதீர். மறந்தால் வரும் வசைக்கு நாம் பொறுப்பல்லோம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, சேமநிதிச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொருவர் பெயரும் நான்கிலும் ஒரே எழுத்தில் உள்ளதா என்று பாருங்கள். வேறுபாடு இருப்பின், சாட்சி கூறத்தக்க மூத்தோர் நம்மிடையே உள்ளபோதே திருத்திக்கொள்ளுங்கள். சிலந்திக்குச் சீசாவும் சீட்டும் துணை; நமக்கு நாமே துணை.

எமது அன்னையார் இப்போது தம் பெயரைத் தாமே எழுதப் பயின்று வருகின்றார். நம் மகள்தான் ஆசிரியை. நேற்று மாலை 'மு' என்னும் எழுத்தில் தொடங்கிப் 'பேச்சி' வரை ஒருமுறை பிழையின்றி எழுதிவிட்டு, ஏட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் பூச்சியோட பேரையும் எழுதிக் காட்டு" என்று பேத்தியிடம் கேட்டார். அவள் 'கைகாட்டி' என்று எழுத, அதன் கீழே அதனையும் பார்த்து எழுதினார்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.